தேங்கும் இடம்

“மூட்டை எங்க தேங்குதோ, அங்க நிக்கிறவங்க இடத்தைக் காலி பண்ணணும். என் வயித்துல பொறந்தவனா இருந்தாலும் சரி.”

முதலாளியம்மா சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த திரைக்கு எதிரே இடுப்பில் கைவைத்து நின்றாள். பின்னால் மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துத் தேய்த்து அனுப்புகிற சலவைக்கூடம் அது. கொஞ்ச நாளாக எந்த வேனும் நேரத்துக்குப் போவதில்லை. ‘இன்னும் ஒரு தடவை லேட் ஆனா வேற ஆளைப் பார்த்துக்கறோம்’ என்று பெரிய ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. அது போனால் பாதி மெஷினை நிறுத்த வேண்டியதுதான்.

“கடையில விக்கிற சாஃப்ட்வேர் வேணாம். எங்க வேலைக்குன்னு எழுதிக் கொடு” என்றுதான் ப்ரோகிராமர் பெண்ணை முதலாளியம்மா கூட்டி வந்தாள். வந்தவள் முதலில் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. ஏப்ரன் கட்டிக்கொண்டு அழுக்கு மூட்டை பிரித்தாள். ட்ரையர் வாயில் நின்று வெந்தாள். அதற்கப்புறம்தான் எழுத உட்கார்ந்தாள். இப்போது மூட்டைக்கு மூட்டை ஒரு டேக். எது எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று திரை சொல்லும். ஈரம் போகாமல் ட்ரையர் கதவே திறக்காது.

“சம்மதமாடா ரெண்டு பேருக்கும்?” என்று மகன்களைக் கேட்டாள்.

“எனக்கென்ன?” என்றான் பெரியவன். துவைக்கிற பக்கம் அவன் பொறுப்பு. “வேன் அனுப்பற துரை பல் தேய்ச்சு முடிக்கவே மத்தியானம் ஆயிடுது. அதையும் காட்டுமா இது?”

“காட்டட்டும்,” என்றான் வேன்களைப் பார்க்கும் சின்னவன். “சோப்பு மூட்டை மேல சாஞ்சு குறட்டை விடறவன் மூஞ்சியையும் சேர்த்துக் காட்டட்டும்.”

“பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டோம்மா.”

ப்ரோகிராமர் பெண் சிரித்தாள். “இத்தனை நாள் சண்டையை இது ஒரு நிமிஷத்துல தீர்த்துடும்.”

பட்டனைத் தட்டினாள். துவைக்கிற இடம் பச்சை. பெரியவன் மீசையைத் தடவினான். ட்ரையர், இஸ்திரி, மடிக்கிற மேசை எல்லாம் பச்சை. வேன் நிற்கிற இடமும் பச்சை. சின்னவன் அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மடிக்கிற மேசைக்கும் வேனுக்கும் நடுவே ஓர் இடம் மட்டும் சிவந்து கிடந்தது.

அது வாசலோரம் இருக்கிற பழைய மேசை. அங்கேதான் முதலாளியம்மா நின்று ஒவ்வொரு மூட்டையையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “ம், போகட்டும்” என்பாள். அந்தக் கை படாமல் ஒரு தலையணை உறைகூட வாசல் தாண்டாது. ஊரார் வீட்டு அழுக்கைக் கல்லில் அடித்து இந்தக் கூடத்தை எழுப்பிய கை. அதை யார் கேட்பது?

“தப்பு,” என்றான் பெரியவன். “எங்கம்மா கையைப் பத்தி இதுக்கு என்ன தெரியும்?”

“அதை அழிச்சிட்டு வேற எழுதும்மா,” என்றான் சின்னவன். அண்ணனும் தம்பியும் ஒரே பக்கம் பேசி அன்றுதான் பார்க்க முடிந்தது.

“தப்பில்லை சார். எத்தனை தடவை ஓட்டினாலும் இதான் வரும்.” ப்ரோகிராமர் பெண்ணின் குரல் இறங்கவில்லை. முதலாளியம்மாவின் முகத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

“வாயை மூடுங்கடா. சொன்ன சொல் எனக்கும் சேர்த்துத்தான்.” முதலாளியம்மா ஏப்ரனை அவிழ்த்து மேசை மேல் எறிந்தாள். “மூட்டையெல்லாம் நேரா வேனுக்குப் போகட்டும். இனிமே நீங்களாச்சு, இந்தக் கூடமாச்சு.”

விறுவிறுவென்று வெளியேறினாள். பின்னால் போகப் பிள்ளைகளுக்குத் தைரியம் வரவில்லை. ப்ரோகிராமர் பெண்தான் ஓடினாள். பாய்லர் ஓரமாகப் பிடித்தாள்.

“மன்னிச்சுடுங்கம்மா. கொஞ்சம் பக்குவமா சொல்லியிருக்கணும்.”

“நல்லாத்தான் சொன்ன. இப்படிச் சொல்ற ஆளாப் பார்த்துத்தானே உன்னைத் தேடிப் பிடிச்சேன்.”

“புரியலைம்மா.”

முதலாளியம்மா சுவரில் ஓடிய நீராவிக் குழாயின் மேல் சாவகாசமாக உள்ளங்கையை ஊன்றினாள்.

“அய்யோ, சுடும்மா!” அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. முதலாளியம்மாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“சலவை சோடாத் தண்ணி தின்ன கை. ஈரம், காய்ஞ்சது எதுவுமே இதுக்குத் தெரியறதில்ல, கொஞ்ச நாளா. அதான் திரும்பத் திரும்பத் தடவி மூட்டையைத் தேக்கினேன். கை செத்துப் போச்சுன்னு ஒதுங்கியிருந்தா என்னை நோயாளின்னு மூலையில உட்கார வெச்சிருப்பானுங்க. கம்ப்யூட்டர் சொல்லி ஒதுங்கினேன் பாரு, அவனுங்களுக்கு இன்னும் நான்தான் முதலாளி. போ, போய் வேனை அனுப்பு.”