பவளத்துக்குத் துரு பிடித்த கதை

பவளம் என்ற வெள்ளை ஆட்டுக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்து, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. மாத்திரையோ வயிற்றைப் புரட்டியது. இரும்பை டிரிப்ஸில் ஏற்றிவிடலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

நர்ஸ் மைனா ஊசியோடு வந்ததும் பவளம் ஆரம்பித்துவிட்டது.

"சிஸ்டர், இரும்பு ஏத்தினா மழையில துரு பிடிக்காதா?"

"பிடிக்காதும்மா."

"காந்தம் இழுத்துக்கிட்டுப் போயிடாதே?"

"போகாது. ஊசி போட்ட இடம் எரிஞ்சா மட்டும் உடனே கூப்பிடு" என்று சொல்லிவிட்டு மைனா அடுத்த கட்டிலுக்குப் பறந்தது.

மருந்து சொட்டச் சொட்ட, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் கால் எரிந்தது. பவளம் வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டது. பாட்டில் காலியாகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

மறுவாரம் குடையும் கையுமாக ஓடிவந்தது. வார்டுக்குள் வந்தும் குடையை மடக்கவில்லை. காலில் பழுப்பாக ஒரு பெரிய திட்டு.

"பாத்தீங்களா, துரு! நான் அன்னிக்கே கேட்டேனே!"

"துரு இல்லம்மா. மருந்து கசிஞ்சு தோலுக்கடியில தங்கின கறை. லேசுல போகாது. அன்னிக்கு எரியலையா உனக்கு?"

"உயிரே போச்சு."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

பவளம் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டது.

"அதைப் போய்ச் சொன்னா, விவரம் தெரியாத ஆடுன்னு நினைச்சுடுவீங்களேன்னுதான்."