சீடன் வரைந்த படம்

ஆண்ட்வெர்ப்பில் எங்கள் அருங்காட்சியகத்தின் பழைய ஓவியங்களுக்கு இருபது வருஷமாக நான்தான் காப்பாளன். நேற்று வேலைக்குச் சேர்ந்த சின்னப் பெண் கிரீத், கிடங்கில் கிடந்த ஒரு படத்தைத் தூசி தட்டி, காலன்ஸ் என்ற மாமேதை வரைந்தது என்று அறிக்கை எழுதிவிட்டாள். எல்லார் வாயிலும் அவள் பேர்தான். எனக்கு வயிறு எரிந்தது.

அறிக்கையை நான் தொடக்கூட இல்லை. படத்தை மட்டும் பார்த்து, நாலு பக்க மறுப்பு எழுதி இயக்குநர் யோஸ்ட்டிடம் நீட்டினேன்.

"விரலைப் பாருங்க யோஸ்ட், வேகவெச்ச கிழங்கு மாதிரி இருக்கு. இது யாரோ சீடன் வேலை."

"நிச்சயமாத்தானா, வில்லெம்? நிபுணர் குழுவுக்கு அனுப்பட்டுமா?"

"என் கையெழுத்தோடயே அனுப்புங்க."

குழு என் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்று மதியம் கிரீத் என் மேசைக்கு வந்தாள். கண்ணில் ஈரமே இல்லை.

"என்ன, வருத்தமா?" என்றேன்.

"எனக்கென்ன, கிடங்குப் படம் கிடங்குக்கே போகுது. உங்க படத்தை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு."

"என் படமா?"

"உங்களுக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் குடுத்த காலன்ஸ் படம், கூடத்துல மாட்டியிருக்கே. ரெண்டும் ஒரே துணியில வெட்டி, ஒரே ஆள் வரைஞ்சது. என் அறிக்கையோட முதல் பக்கமே அதுதானே, படிக்கலையா?"

கூடத்தில் யாரோ ஏணியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.