முழங்கால் தெரிய வேணும்

ரோமாபுரியின் நூற்றுவர் தலைவன் அலெக்ஸாண்டர் ஈட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். எதிரே எந்தப் படையும் இல்லை. ஆனாலும் முழங்கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடின.

குடியேறிய குளிர்நாட்டு மார்க்கம் நகரில் ஏப்ரல் மாதத்து ஸ்னோ. நாளை பெரிய வெள்ளி. தேவாலய முற்றத்தில் திருப்பாடுகளின் நாடகம். இது கடைசி ஒத்திகை.

"உண்மையாகவே இவர் இறை... றை... றை..." பல் தந்தியடித்தது.

"தம்பி, நாளைக்கும் உப்பிடி இழுத்தா, வசனத்தைப் பாடமாக்கி வைச்சிருக்கிற கஸ்பருக்குத்தான் வேஷம்!" என்றார் அமிர்தநாதர். நாடகத்தை நெறிப்படுத்துபவரும் அவரே, ஆளுநர் பிலாத்துவும் அவரே.

அலெக்ஸாண்டர் ஈட்டியை இறுக்கிப் பிடித்தான். வருடக்கணக்காகக் கூட்டத்தில் நின்று கத்தியவனுக்கு இப்போதுதான் ஒரு வசனம் கிடைத்திருக்கிறது.

"அண்ணை, உள்ளுக்கை ஒரு காற்சட்டை..."

"ரோமன் காற்சட்டை போடுறேல்லை! சேவகன் எண்டா முழங்கால் தெரிய வேணும்."

அலெக்ஸாண்டரின் மகள் ஸ்டெபனி போனை நீட்டினாள். "அங்கிள், லுக். ரோமன்ஸ் முதலிலை காற்சட்டையைப் பார்த்துச் சிரிச்சவையாம். பிறகு வடக்கிலை குளிர் நாடுகளைப் பிடிச்சோடனை, அந்த ஆக்களின்ரை காற்சட்டையையே போட்டிருக்கினம்!"

"அது வடக்கை போனவை, பிள்ளை. பிலாத்து இருந்தது யெருசலேமிலை. அங்கை ஆர் ஸ்னோ தள்ளினது?"

சொல்லிவிட்டு அங்கியை இழுத்துக்கொண்டு நடந்தார். கணுக்கால் வரை போதும் என்று தைத்துக் கொடுத்த றீற்றா கெஞ்சியும் கேளாமல், ஆளுநர் என்றால் நிலம் கூட்ட வேண்டுமென்று நீட்டித் தைப்பித்த அங்கி.

மறுநாள் பெருங்கூட்டம். முன்வரிசையில் கஸ்பர், வசனத்தை முணுமுணுத்தபடி.

அலெக்ஸாண்டர் நடுங்காமல் நின்றான். முழங்காலை மூடியிருந்தது மனைவி எமில்டாவின் தோல் நிற ஸ்ரொக்கிங்ஸ், நல்ல தடித்த நீள் காலுறை. அமிர்தநாதர் கண்டால் அடுத்த காட்சியிலேயே கஸ்பர்தான்.

பிலாத்து கைகழுவும் கட்டம். கிண்ணத்தை ஏந்தியபடி முழங்காலிட்டான். டர்ர்! ஸ்ரொக்கிங்ஸ் வாயைப் பிளந்தது. பிலாத்துவின் கண் கீழே இறங்கியது. புருவம் மேலே ஏறியது.

கதை முடிந்தது என்று அலெக்ஸாண்டர் தலையைக் குனிந்தான். அந்த நேரம் பார்த்து அடித்த காற்றில் அங்கி ஒரு முழம் எழும்பியது.

உள்ளே, பளீர் நீலத்தில், பஞ்சடைத்த ஸ்னோ பாண்ட்ஸ்.

நிமிர்ந்தான். நாலு கண்களும் சந்தித்தன.

பிலாத்து கிண்ணத்தின் மேல் குனிந்து, கையைக் கழுவியபடி, உதடு அசையாமல் சொன்னார்:

"தம்பி, என்னை நேற்று வடக்குக்கு மாத்திப்போட்டாங்கள்."