விபத்துக்கான காரணம்

“‘தொழிலாளியின் கவனக்குறைவு.’ அவ்வளவுதாம்மா. அடிச்சிட்டுப் பிரிண்ட் எடுங்க.”

பாதுகாப்பு அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு அவர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அறைக்குள்கூட ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதர் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே ஹெல்மெட்தான். நாலு மணிக்குள் அறிக்கை முதலாளியின் மேஜைக்குப் போயாக வேண்டும். மேனேஜர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த டைப்பிஸ்ட் அம்மா, விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அடிக்கல சார். ஒரு சந்தேகம்.”

“என்ன?”

“நெட்டை எதுக்கு மெஷினை நிறுத்தாம ரோலரைத் துடைச்சாரு?”

நெட்டை, ஆறு வருஷமாகப் பசை மெஷின் ஓட்டுகிறவர். கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார். முந்தாநாள் காலை, ஓடுகிற ரோலரில் ஒட்டிய பசைக்கட்டியைத் துணியால் துடைக்கப் போக, துணியோடு சேர்த்து வலது கையையும் ரோலர் இழுத்துக்கொண்டது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அறிக்கையில் கவனக்குறைவு என்று வந்துவிட்டால், அந்தக் கட்டிலுக்கே வேலைநீக்கக் கடிதம் தேடிப் போகும்.

“நிறுத்திட்டுத்தான் துடைக்கணும்னு செவுத்துல இவ்வளவு பெருசா எழுதி வெச்சிருக்கு. கண்ணு தெரியாதா அவருக்கு?”

“நிறுத்தினா பசை இறுகிடும் சார். சுரண்டி எடுத்துட்டு மறுபடி ஓட்ட முக்கால் மணி நேரம். ஒரு ஷிஃப்டுல பத்துத் தடவை கட்டி பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தினா ஷிஃப்டே சுரண்டறதுலதான் போகும். பெட்டி எப்ப லாரி ஏறும்?”

ஹெல்மெட்டுக்குச் சுருக்கென்றது. இது அவருக்குத் தெரியாத விஷயமா என்ன?

“அது உற்பத்தி ஆளுங்க பாடு. நாம நடந்ததை எழுதினா போதும்.”

“நடந்ததைத்தான் சார் கேக்கறேன். மூணு ஷிஃப்டுலயும் எல்லாரும் இப்படித்தானே துடைக்கறாங்க? எல்லாருக்குமா கவனம் குறைஞ்சு போச்சு?”

“ரோலர் மேல மூடி இருந்துதே. அதைக் கழட்டினது யாரு? அவருதானே?”

“மூடி இருந்தா கட்டி தெரியல, உற்பத்தி குறையுதுன்னு கழட்டச் சொல்லி மேனேஜர் உத்தரவு போட்டாரு சார். அந்த உத்தரவை அடிச்சதே நான்தான்.”

ஹெல்மெட் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மெதுவாப் பேசுங்கம்மா.”

டைப்பிஸ்ட் அம்மா குரலைத் தணித்தார். கேள்வியைத் தணிக்கவில்லை.

“மெஷினை ரொம்பக் குறைவா நிறுத்தினவர்னு போன வருஷம் நெட்டையைத்தான் எல்லார் முன்னாடியும் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தாங்க. நிறுத்தாம எப்படித் துடைக்கிறாருன்னு அன்னிக்கு யாரும் கேக்கல. கை போன ஒரு நாளைக்குக் கவனக்குறைவுன்னு பேரு வெச்சிட்டோம். போகாத ஆறு வருஷத்துக்கு என்ன சார் பேரு?”

போன வாரம் ஹெல்மெட் ரவுண்ட்ஸ் போனபோது நெட்டை துணியும் கையுமாக ஓடுகிற ரோலர் முன்னால்தான் நின்றிருந்தார். “வணக்கம் சார்” என்றார். இவரும் தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினார். அன்றைக்கு வாசலில் நாலு லாரி காத்திருந்தது. அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

போன் அலறியது. மேனேஜர்தான்.

“என்னய்யா, ஒரு பக்கம் அடிக்க ஒரு யுகமா? அடுத்த மாசம் உன் வேலை நிரந்தரமாகிற ஃபைலும் இங்கதான் இருக்கு, ஞாபகம் இருக்கா?”

“இதோ ஆயிடுச்சு சார்.”

போனை வைத்தபோது இருந்த பயம், டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்ததும் கோபமாக மாறியது.

“ஏம்மா, நான் வந்ததுல இருந்து நாலு அறிக்கை அடிச்சிருக்கீங்க. நாலுலயும் இதே வார்த்தைதான். அப்பெல்லாம் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? நெட்டைக்கு மட்டும் ஏன் இப்படிப் பரிஞ்சு பேசறீங்க? உங்களுக்குச் சொந்தமா?”

“இல்ல சார். அவர்கிட்ட ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்பல பேசினதுகூட இல்ல.”

“அப்புறம் என்ன?”

டைப்பிஸ்ட் அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

“நேத்து அவர் சம்சாரம் வந்திருந்தாங்க சார். கேஸ் கீஸ்னு போகாம இருந்தா உங்களுக்கு இங்கயே ஒரு வேலை போட்டுத் தர்றோம்னு மேனேஜர் சொன்னாராம். டைப்பிங் தெரியுமான்னு கேட்டாராம்.”

“நல்லதுதானே? அந்தக் குடும்பம் பிழைச்சுப் போகட்டுமே. அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி என்கிட்டயும் அதையேதான் சார் கேட்டாங்க. தெரியும்னேன். வேலைக்குச் சேர்ந்த மொத நாள், மொத மொதல்ல அடிக்கக் கொடுத்தது என் வீட்டுக்காரர் செத்துப்போனதுக்கான அறிக்கை. கவனக்குறைவுன்னு சொன்னாங்க, ஒரு கேள்வியும் கேக்காம நானே அடிச்சேன்.”