ஆடாமல் பிடி

மட்டை பாதியில் நின்றது.

இன்று காலையில் இது பதினெட்டாவது தடவை.

மொட்டைமாடியில் ஒரு கால்மிதி. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பந்து. பந்தை நெருங்கும்போதே அவர் கை இறுகி, தட்டியதும் தட்டாததுமாக நின்றுவிடுகிறது.

அவர் மனைவி எதிரே நின்று கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். அவர் மில்லில் பொது மேலாளராகி மூன்று மாதம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை முதலாளியோடு கோல்ஃப். அதற்குள் வீச்சு திருந்தியாக வேண்டும். வேலைக்கே அதுதான் பரீட்சை என்பதுபோல வீடே அதிர்ந்துகொண்டிருந்தது.

பயிற்சியாளர் ராபின் படத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான்.

"சார், பந்துகிட்ட வந்ததும் கை தயங்குதுங்க. நிறுத்தாதீங்க. அடி பட்ட பெறகும் கை போய்ட்டே இருக்கோணும். இடது தோளுக்கு மேல போய்த்தான் முடியோணும். எதுத்தாப்ல ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சுக்குங்க."

கை ஏன் தயங்குகிறது என்று ராபினுக்குத் தெரியாது.

குடியிருப்புக்குத் தெரியும்.

காபி ஆறியிருந்தால் அவர் கையை ஓங்குவார். சட்டையில் பித்தான் இல்லாவிட்டால் ஓங்குவார். ஓங்கிய கை அவள் கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடும். இருபத்தாறு வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை. எதிர் பால்கனிக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள்.

"ஓங்குவாரே தவிர, மேல பட்டதில்லீங்கக்கா" என்று அவளே லிஃப்டில் சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் பெருமையாகத்தான். மூன்றாம் மாடி வசுமதி அன்றைக்கே 'தங்கமான மனுசன்' என்று சான்றிதழ் கொடுத்துவிட்டாள். அதே வசுமதிதான் இப்போது இங்கே மொட்டைமாடிக் கொடியில், காய்ந்த துணியையே திரும்பத் திரும்பக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அடி விழாது என்று தெரிந்ததால் அவர் மனைவி விலகப் பழகவில்லை. கண்ணை மூடவும் பழகவில்லை.

தேவைப்பட்டதில்லை.

பத்தொன்பதாவது தடவை.

மட்டை இறங்கியது.

நிற்கவில்லை.

பந்து கைப்பிடிச்சுவரைத் தாண்டிப் போனது. மட்டை காற்றைக் கிழித்துக்கொண்டு சுற்றி, இடது தோளுக்கு மேல் போய்ச் சாய்ந்தது.

அவரே ஒரு கணம் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு பாய்ந்து வந்து படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"நல்லா வந்த நேரத்துல ஏன் போனை ஆட்டுனே?"

ஏன் என்று அவளுக்கே உடனே பிடிபடவில்லை.

"மறுக்கா எடு. ஆடாம புடி." இன்னொரு பந்தை எடுத்து வைத்தார்.

இருபது.

இருபத்தொன்று. இருபத்திரண்டு.

ஒவ்வொரு தடவையும் கை முழுதாகப் போனது. தயக்கம் இருந்த தடமே இல்லை.

"விட்டுப்போச்சு பாத்தியா! அந்தப் பழக்கம் சுத்தமா விட்டுப்போச்சு!"

வாயில் துணிக் கிளிப்போடு வசுமதி கை தட்டினாள்.

அவர் மட்டையைச் சுவரில் சாய்த்தார். தோளைக் குலுக்கிக்கொண்டார். கைப்பிடிச்சுவர்மேல் ஆறரை மணியிலிருந்து இருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

காபி ஆறியிருந்தது.

டம்ளரை வைத்தார்.

அவள் பக்கம் திரும்பினார்.

அவள் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். கைப்பேசி இன்னும் கையில்தான் இருந்தது.

இன்னொரு படம் எடுக்கிறார்கள் போலிருக்கிறது, தன் நைட்டி அதில் போய் விழக்கூடாது என்று, வசுமதி அதை அவசரமாகக் கொடியிலிருந்து இழுத்துக்கொண்டாள்.