சத்தம் ஏற்றும் குமிழ்

பாட்டுக்குக் கடைசி மெருகேற்றும் அறையில் இசையமைப்பாளர் மேசையைக் குத்துகிறார். "இன்னும் ஏத்துய்யா! அவனவன் பாட்டு காதைக் கிழிக்குது, என்னோடது மட்டும் முனகுது!" மாஸ்டரிங்காரர் பல்லைக் கடிக்கிறார். சத்தம் எல்லை மீறுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. பாடகியின் மூச்சு ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கிறது. இன்னும் ஏற்றினால் குரலே பிய்ந்துவிடும். இந்த மாதிரி ஆட்களுக்கென்றே வைத்திருக்கும் பெரிய குமிழை முன்னால் தள்ளுகிறார். "நீங்களே ஏத்திக்குங்க சார்." இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு திருகுகிறார். "ஆங், இப்பதான்யா உயிர் வந்திருக்கு!" பின்னால் சோபாவில், அந்தப் பாட்டைப் பாடிய இசையமைப்பாளரின் மனைவி. அவள் பார்வை, குமிழின் பின்னால் எதிலும் செருகப்படாமல் தொங்கும் அதன் வயரில் வந்து நிற்கிறது. மாஸ்டரிங்காரருக்கு வியர்க்கிறது. அவளோ கணவரின் முதுகை வெறித்தபடி சொல்கிறாள்: "பத்தலைங்க. இன்னும் கொஞ்சம் ஏத்துங்க."