ஏழு கிரகம் சுற்றியவன்

"ஒரு சினிமாவைப் பார்த்துட்டு அமெரிக்கா வேண்டாங்கறியே, உனக்கே சிரிப்பு வரலையா?"

கல்யாணராமன் காபி டம்ளரை நங்கென்று வைத்தார். குத்தாலம் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு நடத்திய குரல், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை.

எதிரே மகன் ரவிசங்கர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான். எதற்கும் நேரம் எடுத்துக்கொண்டுதான் பேசுவான். ரெண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த சமயம் அது. அதைச் சரிசெய்ய நியூஜெர்சிக் கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிட்டிருந்தது. அடுத்த வியாழக்கிழமை விமானம். வருகிறேனா இல்லையா என்று இன்று பன்னிரண்டு மணிக்குள் சென்னை ஏஜென்டுக்குப் போனில் சொல்லியாக வேண்டும்.

"வெறும் சினிமா இல்லேப்பா. அதுல ஒரு வழி இருக்கு."

"என்ன வழி? மாயவரம் வழியா, கும்பகோணம் வழியா?"

"கேளுங்கோ. வானத்துலேர்ந்து கப்பல் வந்து ஒருத்தனைக் கூப்பிடறது. முதல்ல மாட்டேங்கறான். அப்புறம் போறான். போற இடமெல்லாம் சண்டை. கடைசியா, தண்ணியே நிறைஞ்ச ஒரு கிரகத்துல ஒருத்தி சொல்றா. 'தண்ணி யாரோடயும் மல்லுக்கு நிக்காது. எல்லாரும் வேண்டாங்கற பள்ளத்துல போய் நிக்கும். அதை ஜெயிச்சவா யாரும் இல்லை'ன்னு. ஆயுதத்தைக் கீழே போட்டுட்டு ஊருக்குத் திரும்பறான். மதகைத் தூக்கி வயலுக்குத் தண்ணி விடறான். அதோட படம் முடியறது."

"பாவம், டிக்கெட் வாங்கினவா."

"சீனாவுல அந்தக் காலத்துப் பெரியவா தாவோன்னு சொன்னது இதைத்தான். எதையும் வலிஞ்சு பண்ணாதேங்கறா. வீரன் எங்கே போனாலும் அவன் பயணம் வீட்டுக்குத் திரும்பறதுலதான் முடியறது."

"திரும்பி வரதுக்கு முதல்ல போகணும்டா! அவன் ஏழு கிரகம் சுத்திட்டு வந்தான். நீ இன்னும் மீனம்பாக்கமே தாண்டலை."

ரவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடங்கியதும் கேட்டான்.

"அம்மாவும் இல்லை. நீங்க இங்கே தனியா..."

"நான் என்ன பச்சைக் குழந்தையா? நீ கிளம்பினா நிம்மதியா மத்தியானம் ஒரு தூக்கம் போடுவேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. காவேரியில தண்ணி வரதே நிச்சயமில்லை. இங்கே உட்கார்ந்து எந்த மதகைத் தூக்கப் போறே? போ. வரேன்னு சொல்லிட்டு வா."

சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ரவி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். அப்பா ஒரே ஒரு தடவை, வாய் தவறியாவது, இருடா என்று சொல்லியிருந்தால் இத்தனை யோசனையே வேண்டியிருக்காது. ஆறு மாதமாக அவர் சொன்னதெல்லாம் போ என்ற ஒரு சொல்தான். தன்னை வேண்டாதவருக்காக இருக்கப்போகிறோமோ என்ற நினைப்பு நடக்க நடக்க உறுத்தியது.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போகும் வழியில்தான் தியேட்டர். வாசலில் பழைய போஸ்டர் மேல் புதுப்பட போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரவி நின்றான். பிறகு படியேறி ஆபரேட்டர் அறைக்குப் போனான். லூர்துராஜ் ரீல்களைப் படப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. நேத்து சாயங்கால ஆட்டத்துல உங்களைப் பாத்தேன்."

"அண்ணே, ஒரு உதவி. கடைசி சீனை மட்டும் ஒரு தடவை ஓட்டிக் காட்டுவீங்களா?"

"எது?"

"மதகைத் தூக்கறது. அதைப் பார்த்துட்டு, அமெரிக்கா வேண்டாம்னு போன் பண்ணப் போறேன்."

லூர்துராஜின் கை ரீல் மேலேயே நின்றுவிட்டது.

"மாதாவே! இதை வச்சா முடிவு பண்றீங்க? தம்பி, அது கடைசி சீன் இல்ல. அதுக்கப்புறம் இன்னும் ஒரு ரீல் இருக்கு."

"இன்னும் ஒண்ணா?"

"கப்பல் மறுபடி வரும். அவன் போயிடுவான். அவங்கப்பாதான் தட்டிக்கொடுத்து, சிரிச்சு, ஏத்தி விடுவாரு. கப்பல் மறைஞ்சதும் அந்த மனுஷன் வரப்புலேயே உக்காந்துடுவாரு. அதோடதான் படம் முடியுது."

ரவி சுவரில் இருந்த சதுர ஓட்டை வழியாகக் கீழே பார்த்தான். காலி நாற்காலிகள். வெள்ளைத் திரை. பெட்டியை மூடலாமா என்று தெரியாமல் லூர்துராஜ் நின்றார்.

"அப்போ போறதுதான் வழி" என்றான் கடைசியில். "அப்பா படம் பார்க்காமலே சரியாச் சொல்லியிருக்கார். வரேண்ணே."

இரண்டு படி இறங்கியவன் திரும்பினான்.

"ராத்திரி ஆட்டத்துல கடைசி பஸ்ஸுக்காக ரீலைக் குறைப்பீங்கன்னு தெரியும். நான் பார்த்தது சாயங்கால ஆட்டம்தானே. அதுல எதுக்குக் குறைச்சீங்க?"

லூர்துராஜ் பெட்டியின் தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார்.

"எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவரு. முடியாதுன்னு சொல்ல வாய் வரல தம்பி. நேத்து மேட்னி முடிஞ்சதும் இதே படியேறி வந்தாரு, கண்ணெல்லாம் செவந்துபோய். 'போகாதேன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போறும், ரவி நின்னுடுவான். அதனால நான் அதைச் சொல்லவே மாட்டேன். சாயங்காலம் அவன் வரும்போது, அந்தக் கடைசி ரீலை மட்டும் ஓட்டாதே லூர்து. வரப்புல உட்கார்ற அப்பாவைப் பார்த்தா அவனுக்கு என் மனசு தெரிஞ்சுடும்'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு."